அனுராதா தொட்ட ரோபோ

அனுராதாவுக்கு வயது பதினைந்து. சங்கரன்கோவிலில் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். அம்மா கோமதியம்மாளுக்கு விசைத்தறியில் வேலை. பள்ளியின் ரோபோ குழுவில் மூன்று பேர். புரோகிராம் எழுதுவது முபஷ்ஷிரா. சக்கரம், சட்டம், மோட்டார் எல்லாம் பனவடலிசத்திரத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஜெனித்தின் பொறுப்பு. வயரிங் முழுக்க அனுராதா. அவள் பற்ற வைத்த வயர் ஒன்றுகூட இதுவரை கழன்றதில்லை. அது அவளுக்கும் தெரியும். தெரியாததுபோல நடிக்கிற பழக்கம் அவளிடம் இல்லை.

ரோபோ ஒரு சோற்று டப்பா அளவுதான் இருக்கும். அட்டைச் சுவர்களுக்கு நடுவே, எதிலும் முட்டாமல், தானே வழி கண்டு வெளியே வர வேண்டும். அதற்காக முன்பக்கத்தில் ஒரு சென்சார். பார்த்தால் இரண்டு கண்கள் மாதிரி இருக்கும். ஒரு கண் நம் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பும். அது சுவரில் பட்டுத் திரும்புவதை மற்றொரு கண் வாங்கும். சனிக்கிழமை திருநெல்வேலியில் மண்டலப் போட்டி.

அந்த வாரத்தின் புதன்கிழமையில் ஆயுதபூசை வந்தது. அறிவியல் ஆசிரியர் குற்றாலநாதன் ரோபோவையும் ஆய்வகத்துப் பூசையில் வைத்தார். பொட்டு வைக்க நெற்றி தேடினார், கிடைக்கவில்லை. கண்கள் இரண்டும் கிடைத்தன. தாராளமாகச் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்தார்.

"நாளைக்குக் காலையில நல்ல நேரத்துலதான் எடுக்கணும். அதுவரைக்கும் யாரும் தொடப்படாது, கேட்டியளா?"

ஒலி எப்படிப் பரவுகிறது என்று ஒன்பதாம் வகுப்புக்கு வருடாவருடம் பாடம் நடத்துகிறவர் அவர்.

இடது சக்கரத்தில் ஒரு திருகு தளர்ந்திருந்தது அனுராதாவுக்குத் தெரியும். அன்று மாலையே வாட்ச்மேனிடம் சாவி வாங்கிப் போய் முடுக்கினாள். காய்ந்து கிடந்த சந்தனத்தையும் துணியால் துடைத்தாள். ஓட்டிப் பார்க்கவில்லை. அவள் செய்த தவறு அது ஒன்றுதான்.

விஜயதசமி காலையில் எல்லோர் முன்னாலும் ரோபோவை இறக்கினார்கள். நேராகப் போய்ச் சுவரில் முட்டியது. திருப்பி வைத்தார்கள். மறுபடியும் முட்டியது.

"நேத்து யாரும் இதத் தொட்டியளா?" என்றார் குற்றாலநாதன்.

"நான் தொட்டேன் சார். திருகு முடுக்கினேன்."

"சாமி முன்னால வச்சதத் தொட்டா வெளங்குமாட்டி? பொட்டப்பிள்ளைக்கு அப்படி என்ன அவசரம்?"

போட்டிப் பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டு, ரோபோவை ஒருநாளும் திறந்து பார்க்காத ஒரு பையனின் பெயரை எழுதினார். மாலையில் கோமதியம்மாளுக்குப் போன் போட்டு, "உங்க பிள்ள பூசையில வச்சதத் தொட்டுக் கெடுத்துட்டா" என்றும் சொன்னார். கோமதியம்மாள் அழுதார். "சாமி குத்தம் ஆயிருச்சேட்டி" என்று மகளின் கையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்.

ஒரு பெண்ணின் கையில் குற்றம் இருக்கிறது என்று சொல்ல இங்கே யாருக்கும் சான்று வேண்டியதில்லை. சொல்கிறவர் படித்தவராகவும் இருந்துவிட்டால் அதன்பின் விசாரணையே கிடையாது. தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் அந்தத் தீர்ப்பைத் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார்கள். அனுராதா வாங்கிக்கொள்ளவில்லை. விசாரணையை அவளே நடத்தினாள்.

வெள்ளிக்கிழமை உணவு இடைவேளையில் முபஷ்ஷிராவை லேப்டாப்பைத் திறக்கச் சொன்னாள்.

"சென்சார் என்ன சொல்லுது?"

"ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குதுட்டி. கைய நேரா நீட்டினாலும் முன்னால ஆளே இல்லங்குது."

அனுராதா போன் வெளிச்சத்தைச் சென்சார் மேல் அடித்துக் குனிந்து பார்த்தாள். கண்களை மூடியிருந்த சின்னக் கம்பிவலையின் துளைகளுக்குள் மஞ்சளாக என்னவோ இறுகிக் கிடந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"ஏலே ஜெனித், புதுச் சென்சார் ஒண்ணு வச்சிருக்கோம்லா, அத எடு. போயி சாரையும் கூட்டிட்டு வா."

"நீயே எடுத்து மாட்டு. எனக்கு என்ன தெரியும்?"

"நான் தொட மாட்டேன். இப்ப தொடவே கூடாது."

குற்றாலநாதன் வந்தார். அனுராதா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சார், தப்பு என் கையிலயா, வேற எதுலயாவதான்னு பாத்துருவோம். பழைய சென்சாரக் கழத்திட்டு ஜெனித் புதுச மாட்டட்டும்."

மாட்டினான். ரோபோ ஒவ்வொரு சுவர் முன்னாலும் நின்று, திரும்பி, வெளியே வந்தது.

"நான் தொடாததுனால ஓடுதுன்னு சொல்லுவீங்க. அதனால இப்பத் தொடுதேன்."

சக்கரம், வயர், பேட்டரி, புதுச் சென்சார், ஒன்றுவிடாமல் தொட்டாள். கடைசியில் முழு உள்ளங்கையையும் அதன் மேல் வைத்தாள். ரோபோ மறுபடியும் அழகாக வெளியே வந்தது.

"இப்பப் பழசையே திரும்ப மாட்டுலே."

முதல் சுவரிலேயே முட்டியது.

ஜெனித் பழைய சென்சாரைக் கழற்றி ஆசிரியரிடம் நீட்டினான். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார். விரல் நகத்தால் சுரண்டினார். சந்தனம் பொடியாக உதிர்ந்தது.

"அதுக்குக் கண்ண மூடி விட்டுட்டீங்களே சார்" என்றாள் முபஷ்ஷிரா.

குற்றாலநாதன் பட்டியலை எடுத்து அனுராதாவின் பெயரைத் திரும்ப எழுதினார். "சரி, நாளைக்கு வந்துரு."

"வாரேன் சார். அம்மாட்டயும் சொல்லிருங்க."

"அத நீ வீட்டுல போயிச் சொன்னாப் போதாதா?"

"மொதல்ல சொன்னது நீங்கல்லா சார். நான் சொன்னா அம்மா நம்ப மாட்டா."

அவர் வராந்தாவுக்குப் போய்ப் போன் போட்டார். மணி இரண்டுகூட ஆகவில்லை. கோமதியம்மாள் வேலையில் இருந்தார். போனுக்குள்ளிருந்து தறிகளின் இரைச்சல் வராந்தாவரை கேட்டது.

"அம்மா, அது வந்து... உங்க பிள்ள விஷயமா..."

"சார், ஒண்ணும் கேக்கல. சத்தமாச் சொல்லுங்க!"

"அனுராதா மேல தப்பு இல்ல!"

"என்ன சார்? தப்புப் பண்ணிட்டாளா?"

"இல்லம்மா! அவ மேல தப்பு இல்ல! தப்புப் பண்ணினது நான்தான்! நான்!"

இரண்டு வகுப்புகளின் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. தறி இரைச்சல் அடங்கவில்லை. கோமதியம்மாள் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். குற்றாலநாதன் மூச்சை இழுத்துக்கொண்டு, முன்னைவிடச் சத்தமாக, முதலிலிருந்து சொன்னார்.