தொடாத சவர்க்காரத்துக்குச் சாட்சிகள்

பாராளுமன்றத்தில் ஒருவர் எழுந்து ஒரு வசனம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். அந்த வசனத்துக்கு ஆதாரம் தேடி வெயிலில் சைக்கிள் மிதிப்பவன் வேறொருவன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், யுத்தமும் அரசாங்கத்தின் பொருளாதாரத் தடையும் இருந்த யாழ்ப்பாணத்தில், அந்த வேறொருவன் நான். நல்லூரில் ஒரு கடை விறாந்தையில் டைப்ரைட்டர் வைத்து, சனங்களுக்குச் சத்தியக் கடதாசி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கரவெட்டியில் பிறந்து கொழும்பில் தங்கிவிட்ட ஓர் உறுப்பினர் எங்கள் குறைகளைச் சபையில் பேசுவார். பேசியதை நிரூபிக்கச் சொல்லி அங்கே கேட்டால், தரைப்பாதை பூட்டியிருந்ததால் படகில் கடல் கடந்து வருகிற யாரிடமாவது எனக்கு ஒரு துண்டுக் கடிதம் கொடுத்துவிடுவார். இல்லாத ஒன்றை இல்லை என்று நிரூபிக்க நீங்கள் எப்போதாவது பாடுபட்டிருந்தால், என் பாடு உங்களுக்கு விளங்கும்.

பாதியை வெட்டுவார்கள்

தொழில் தொடங்கிய நாட்களில் அச்சுவேலியிலிருந்து சின்னத்துரை அண்ணை வந்தார். வெங்காயம் செய்கிறவர். மண்ணெண்ணெய் இல்லாமல் இறைப்பு மிசின் நின்றுபோய், பாத்தியெல்லாம் காய்ந்துவிட்டது. அழிந்தது எவ்வளவோ அதைப்போல இரண்டு மடங்கு எழுதச் சொன்னார். இது சபைக்குப் போகிற கடதாசி, ஒரு சொல் பிழைத்தால் மற்றச் சொல்லையும் நம்பமாட்டார்கள் என்று நான் நியாயம் கதைத்தேன். அவர் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. என்னைப் பார்த்து இரங்கியதுபோலத்தான் இருந்தது.

"உவை எப்பிடியும் பாதியை வெட்டுவினம், தம்பி. கூட்டிச் சொன்னால்தான் கடைசியிலை உண்மை மிஞ்சும்" என்றார்.

மங்கிய ரிபன்

டைப்ரைட்டர் ரிபனும் வராத பொருட்களில் ஒன்று. பழைய ரிபனுக்கு மை பூசி, காயவைத்து, திரும்பவும் பூட்டுவேன். விடியற்காலைப் பனிக்குள் வருகிற ஆளைப்போல, எழுத்து இருக்கிறதா இல்லையா என்ற மாதிரித்தான் தெரியும். நீருக்கு நடுவே கட்டிய அந்தச் சபையை நான் கண்டதில்லை. பெரிய கதவுகள், சிவப்புக் கம்பளம், வெள்ளை உடுப்புக்காரர்கள், அவர்கள் எல்லாரும் என் கடதாசியைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து வாசிக்கப் பார்ப்பது மத்தியான நித்திரையில் அடிக்கடி வரும். தட்டுப்பாடு பற்றிய கடதாசியை வாசிக்க முடியவில்லை என்று ஒருமுறை உறுப்பினரே எழுதிவிட்டார். அதைச் சின்னத்துரை அண்ணையிடம் சொன்னேன்.

"வாசிக்கேலாமல் இருக்கிறதுதானே தம்பி அத்தாட்சி" என்றார் அவர்.

இல்லாததைப் படம் பிடித்தல்

சின்னத்துரை அண்ணையின் பக்கத்து வளவில் பரமேஸ்வரி என்றொரு பெண் இருந்தாள். அவளுடைய கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் சிரங்கு. கொதித்தாறிய தண்ணீரில் சவர்க்காரம் போட்டுத் துணிகளைத் தோய்க்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சவர்க்காரம்தான் கடைகளில் இல்லையே. ஊரே பனம்பழத்தைக் கசக்கித் துணி தோய்த்தது. மணத்துக்கு மாடு வந்து கொடியில் கிடந்த உடுப்பைச் சப்பிவிட்டுப் போகும். அவள் சொன்னதை அப்படியே அடித்து அனுப்பினேன். உறுப்பினர் சபையில் வாசித்தார். தேவையான சவர்க்காரம் அனுப்பியாயிற்று, வரவில்லை என்பதை நிரூபியும், இல்லாவிட்டால் சொன்னதை வாபஸ் வாங்கும் என்றார் அமைச்சர். நிரூபித்தால் அடுத்த கப்பலில் ஆஸ்பத்திரிக்கே சவர்க்காரம் ஏற்றுவதாகவும் சொல்லிவிட்டார். நியாயமான பேச்சு, நான் குறை சொல்லமாட்டேன்.

ஸ்டூடியோ வைத்திருந்த சிவம் அண்ணையிடம் ஒரு கலியாணத்தில் மிஞ்சிய பிலிம் கொஞ்சம் கிடந்தது. இருவரும் அச்சுவேலிக்குப் போனோம். சோளகக் காற்று பின்னாலிருந்து தள்ள, செம்மண் தெருவில் சைக்கிள் தானாக ஓடுவதுபோல இருந்தது. வந்தவர்கள் கால்முகம் கழுவ வேண்டும் என்று பரமேஸ்வரி எங்களைக் கிணற்றடிக்கு அனுப்பினாள். கழுவிவிட்டு வந்தோம். பிறகு அவள் அதே கிணற்றடியில் பனம்பழம் போட்டுக் குழந்தையின் துணி தோய்க்க, சிவம் அண்ணை படம் எடுத்தார். பிள்ளை மடியில் கிடந்து சிணுங்கியது. புறப்படும்போது அவள் கேட்டது ஒன்றுதான்.

"உந்தப் படத்தைப் பாத்தால் அனுப்புவினம்தானே, அண்ணை?"

படத்தின் மூலையில்

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றினால், டைனமோவின் புண்ணியத்தில் ரேடியோ பாடும். ஒரு பின்னேரம் அப்படிச் சுற்றிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. உறுப்பினருக்கு நாங்கள் அனுப்பிய படத்தையே அமைச்சர் சபையில் தூக்கிக் காட்டினாராம். கிணற்றுக்கட்டின் மூலையில், சின்னத் தட்டத்தில், முழுசாய் ஒரு சவர்க்காரக் கட்டி. சவர்க்காரம் இல்லையென்று நிரூபிக்க வந்த படத்தில் சவர்க்காரம். சபை சிரித்ததாம். சுற்றிய கை நின்றுபோக, ரேடியோவும் அடங்கிவிட்டது.

வந்தவர்களுக்குக் கிணற்றடியில் சவர்க்காரம் வைப்பது எங்கள் ஊர் வழக்கம். அந்த நாட்களில் எந்த வீட்டுக்குப் போனாலும், எப்போதோ எடுத்து வைத்த கட்டி ஒன்று தட்டத்தில் இருக்கும். வைப்பது வீட்டுக்காரரின் மரியாதை. தொடாமல் கழுவுவது வந்தவரின் மரியாதை. பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது சவர்க்காரமாகவே தெரிவதில்லை. பரமேஸ்வரியிடம் போய்ச் சொன்னேன். பிள்ளைக்குக் கேட்கப் போய் நானே கெடுத்துவிட்டேனென்று தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தக் கட்டியைப் பிள்ளைக்குப் பாவித்திருக்கலாமே என்று கேட்டேன்.

"ஒரு கட்டி எத்தினை நாளைக்குக் காணும்? முடிஞ்சால் பிறகு வாற ஆக்களுக்கு எதை வைக்கிறது, அண்ணை?" என்றாள்.

சாட்சிகள்

அடுத்த துண்டு வந்தது. அந்தக் கட்டி பாவிக்கப்படுவதில்லை என்பதற்கு ஆதாரம் அனுப்பு, வாபஸ் வாங்க இன்னும் கொஞ்ச நாள் தவணை கேட்டிருக்கிறேன் என்று உறுப்பினர் எழுதியிருந்தார். என்ன செய்வது? பரமேஸ்வரி வீட்டுக்கு வந்துபோனவர்களையெல்லாம் கூப்பிட்டேன். மருத்துவிச்சி வந்தார், ஐயர் வந்தார், அவள் தங்கைக்குச் சம்பந்தம் பேச வந்த பெரியவரும் வந்தார். சவர்க்காரத்தைக் கண்டேன், தொடவில்லை என்று ஒவ்வொருவராகச் சத்தியம் செய்துவிட்டுப் போனார்கள். மங்கிய ரிபனில் அதை அடிக்க அடிக்க, உலகத்தில் வேறு அலுவலே இல்லாததுபோல எனக்கு ஒரு மயக்கம்.

கடைசியாகச் சின்னத்துரை அண்ணை. எல்லாருக்கும் எழுதியதையே அவருக்கும் எழுதி நீட்டினேன். பேனையை எடுத்தார், வைத்தார், திரும்ப எடுத்தார். எதையும் இரண்டு மடங்காக்கச் சொல்கிற மனுஷன் இதில் என்னத்தைக் கூட்டப்போகிறாரோ என்று பயந்தேன். பார்வையைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு மெல்லச் சொன்னார்.

"தொடேல்லை எண்டு சத்தியம் பண்ண ஏலாது, தம்பி. ஒருக்கா எடுத்து மூக்குக்குக் கிட்டப் பிடிச்சு மணந்து பாத்தனான். அந்தப் பிள்ளையின்ரை காரியம், பொய் எழுத வேண்டாம்."

புதுக் கட்டி

அவர் சொன்னதை அப்படியே அடித்தேன். மற்றக் கடதாசிகள் வாசிக்கப்பட்டபோது சபையில் பலர் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்களாம். எடுத்து மணந்து பார்த்தேன், திரும்ப வைத்துவிட்டேன் என்ற வரி வந்ததும் முதலில் யாரோ சிரித்தார்களாம். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லையாம். அமைச்சர் படத்தை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, வாபஸ் தேவையில்லை என்றாராம். இவ்வளவும் உறுப்பினர் எழுதியது. நான் ஆதாரம் கேட்கவில்லை.

கப்பல் வந்தது. ஆஸ்பத்திரியில் பரமேஸ்வரிக்கும் பங்கு கிடைத்தது. சிலநாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். பிள்ளையின் தோல் ஆறிக்கொண்டு வந்தது. கொடியில் வெள்ளைத் துணிகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன, மாடு ஒன்றும் அந்தப் பக்கம் வரவில்லை. என்னைக் கிணற்றடிக்கு அனுப்பினாள். தட்டத்தில் புதுக் கட்டி. நான் வழக்கம்போலத் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டு திரும்பினால், அவள் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி பின்னாலேயே நிற்கிறாள்.

"இண்டைக்கு நீங்கள் போட்டுத்தான் கழுவவேணும், அண்ணை. நீங்கள் கழுவினதுக்கு நான் சாட்சி."

சபையில் சொன்ன சொல்லுக்கு ஆதாரம் கேட்பது நியாயமென்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அன்று நல்லூர் வரைக்கும் ஒரு கையால் சைக்கிளைப் பிடித்து மறு கையை மணந்துகொண்டே வந்ததற்கு என்னிடம் ஓர் ஆதாரமும் இல்லை.