பொட்டு வைக்காத சுத்தியல்

வீட்டுக் கொட்டகையில் போட்ட உலைக்காக ரெங்கம் பட்டணத்துப் பழைய இரும்புக் கடையில் சுத்தியல் வாங்கினேன். துருவைத் தேய்த்து எடுத்தும் தலை ஆடியது. ஆப்பு அடிக்கச் சோம்பல்பட்டு, மரப்பிடி ஊறி இறுகட்டும் என்று தண்ணீரில் போட்டேன். பிறகு உலைப் பக்கமே வைத்தேன். சூட்டில் காய்ந்தால் மறுபடி தளரும் என்று தோன்றவில்லை.

பழுத்த இரும்பைக் குறடால் பிடித்தபடி மனைவி எதிரே நின்றாள். நான் ஓங்கினேன்.

“நில்லுங்க! பொட்டு வைக்கல!”

“இரும்பு ஆறிடும் லா!”

“ஆறட்டும். முதல்ல கொடுங்க.”

முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தேன். குறடைக் கீழே வைத்துவிட்டு, சுத்தியலைக் கவிழ்த்துப் பிடித்துக் குங்குமம் இட்டாள். தலை கழன்று அவள் காலருகே தொப்பென்று விழுந்தது.

நான் அவள் முகத்தையே பார்த்தேன். அந்த முகத்துக்கு நேரேதான் ஓங்கியிருந்தேன்.

அன்றே ஆப்பு அடித்தேன். இன்றும் அவள் பொட்டு வைக்கும்வரை நிற்கிறேன். இரும்பு ஆறினால் ஆறட்டும்.