கட்டைவிரலில் மாட்டிய வலை

வலது கால் கட்டைவிரலில் வலைக்கண்ணை மாட்டி, காலை நீட்டி வலையை விறைப்பாக்கி, ஊசியைப் பல்லில் கவ்விக்கொண்டே யோவேசேர் பேசுவான். பாதிப் பேச்சு நமக்குப் புரியாது. மீதியெல்லாம் ஏரிக்கு விழும் திட்டு. "ராத்திரி பூரா வலை போட்டும் ரெண்டு கூடைதான். வெக்கமா இல்ல உனக்கு?" என்று தண்ணீரைப் பார்த்துக் கேட்பான்.

கலிலேயா ஏரிக்கரையில், கப்பர்நகூம் துறையில் நான் கூடை முடைகிறேன். அவன் கூலிக்கு இருக்கும் படகு என் கடைக்கு நேர் எதிரே ஒதுங்கும். பதினான்கு வருடப் பழக்கம். வாற்கோதுமை ரொட்டிக்கு ஒரு வெங்காயம் இருந்தால் அவனுக்குப் போதும், மீனைத் தொட மாட்டான். "அதுங்க மூஞ்சிலதான் தெனமும் முழிக்கிறேன், தின்னவும் வேணுமா?" செதில் இல்லாத கெளுத்தி யூதர்களான நமக்கு ஆகாது, மற்றவர்கள் வலையிலிருந்து எடுத்து வீசி எறிவார்கள். இவன் இரண்டு கையாலும் தண்ணீரில் விடுவான். "போ, பொழைச்சுக்க. உன்னையும் யாருக்கும் வேணாம்."

இப்படிச் சொல்ல ஆரம்பித்தது சமீபத்தில்தான். ஊர் ஊராகப் போய்ப் போதிக்கும் நாசரேத்துத் தச்சர் கரையோரம் நடந்து வந்து, படகு முதலாளியின் இரண்டு மகன்களையும் தன்னோடு வரும்படி கூப்பிட்டார். அவர்கள் தைத்துக்கொண்டிருந்த வலையை அப்படியே போட்டுவிட்டு அவர் பின்னால் போனார்கள். அதே படகில்தான் இவனும் இருந்தான்.

"நான் அடியில குனிஞ்சு தண்ணி எறைச்சுக்கிட்டு இருந்தேண்ணே. தல தெரிஞ்சிருந்தா என்னையும் கூப்பிட்டிருப்பாரு."

"உன் தலையப் பாத்திருந்தா வந்த வழியே ஓடியிருப்பாரு" என்பான் கூட வேலை செய்யும் கிழவன் மத்தத்தியா. யோவேசேரும் சேர்ந்து சிரிப்பான். ஆனால் அன்று முதல் தண்ணீர் இறைக்கும் வேலையைக் கிழவனிடம் தள்ளிவிட்டு, கரைப் பாதை தெரியும்படி படகின் முனையிலேயே உட்காருகிறான். எனக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

முதலாளி தன் மகன்களைப் பற்றி வாய் திறப்பதில்லை. அவர்கள் பார்த்த வேலையும் இப்போது இவன் தலையில்தான். வலை இழுக்கத் திடமான தோள் அந்தப் படகில் இவனுக்கு மட்டும்தான் மிச்சம்.

போன வாரம் ஒரு காலையில், தச்சர் கரையோரமாக வருகிறார் என்று பெண்கள் குடத்தோடு ஓடினார்கள். யோவேசேரின் கை நின்றது. ஆனால் எழுந்திருக்கவில்லை. கட்டைவிரலில் வலை, அரை முழக் கிழிசல் பாக்கி.

"கூப்பிட்டா போயிருவியாடா?" என்று கேட்டார் முதலாளி.

"உங்கள வுட்டுட்டு எப்படிங்க... இந்தக் கிழிசல் வேற கெடக்கு."

"அன்னிக்கும் கிழிசல் கெடந்துச்சு."

கூட்டத்தின் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. முதலாளி அவன் எதிரே மெல்ல உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். அவன் விரலிலிருந்து வலைக்கண்ணை எடுத்துத் தன் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, ஊசிக்குக் கை நீட்டினார்.