பெஞ்சில் விட்டு வந்த பை

ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்த மாரியம்மாளைப் பள்ளி நேரத்தில் என் வீட்டுக்கு அனுப்பி, என் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வைத்தேன். அந்த வருடம் அவள் பரீட்சையில் தோற்றாள். படிப்பு அதோடு நின்றது. அந்தக் குழந்தைதான் இன்று மெல்பர்னில் என்னை வைத்துக் காப்பாற்றும் மகன். அண்மைக்காலம் வரை அவனிடம் இதை நான் சொன்னதே இல்லை.

இங்கே குடியேறிய உங்களில் பலருக்கும் பேபி சிட்டர் படப் புத்தகங்கள் தெரிந்திருக்கும். அம்மா அப்பா வெளியே போவார்கள், ஓர் அக்கா வருவாள், குழந்தை அழும், பிறகு சிரிக்கும். என் மூன்று வயதுப் பேத்திக்குப் பிடித்த புத்தகத்தில் அந்த அக்கா பள்ளிப் பையோடு வருகிறாள். குழந்தை தூங்கியதும் வீட்டுப்பாடம் எழுதுகிறாள். கடைசிப் பக்கத்தில் பையை மாட்டிக்கொண்டு கையசைத்துப் போகிறாள். அந்தப் பக்கத்தை மட்டும் நான் வேகமாகப் புரட்டிவிடுவேன்.

எருத்தேன்பதி ஊர்க்காரனான எனக்கு, மலைமேல் வண்டிப்பெரியாரில் தேயிலை எஸ்டேட் பள்ளியில் வேலை. மனைவியும் அங்கேயே ஆசிரியை. வாத்தியார் வீட்டுப் பிள்ளையை மாணவிகள் தூக்கி வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். கொழுந்து கிள்ளும் பெற்றோர் அதைப் பெருமையாகக்கூட நினைத்தார்கள். எங்கள் குவார்ட்டர்ஸ் வகுப்பறைக்கு அடுத்த சுவர். வகுப்பு வாய்ப்பாடு சொல்லும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டிலை ஆட்டியபடி அவளும் சேர்ந்து சொல்வது கேட்கும். கேட்டுக்கொண்டே பாடத்தை நடத்தினேன்.

சென்ற ஆண்டு மகனும் மருமகளும் வெளியே போன ஒரு மாலை, எனக்குத் துணையாக ஒலிவியா என்ற பதினாறு வயதுப் பெண் பேத்தியைப் பார்த்துக்கொள்ள வந்தாள். முதுகில் பை. குழந்தை தூங்கினால் படிக்கலாமா என்று கேட்டாள். நான் பதறிப்போய், நீ இப்போதே படி என்று குழந்தையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். தன்மேல் நம்பிக்கை இல்லை என்று நினைத்தவள், முகம் சிவக்க மகனுக்குப் போன் செய்துவிட்டாள். பாதியில் திரும்பி வந்த மகன், "அந்தப் புள்ளகிட்ட அப்படி என்னங்கப்பா சொன்னீங்க?" என்றான். நான் அறைக்குள் போய்விட்டேன்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது, அந்தப் புத்தகத்தோடு வண்டிப்பெரியாருக்குப் பஸ் ஏறினேன். மாரியம்மாள் இன்னும் எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்து வீட்டில்தான் இருக்கிறாள். மன்னிப்புக் கேட்டேன். காதில் விழாதவள்போலப் பக்கங்களைப் புரட்டினாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இது யாரு பை, சார்?"

"பிள்ளையப் பாத்துக்க வந்த பொண்ணோடது."

"எம் பைய பெஞ்சுலயே வச்சிட்டு வரச் சொல்லுவீங்க. ஸ்கூலப் பாக்க ஆபீசர் வந்தா, தண்ணி குடிக்கப் போயிருக்கான்னு சொல்லிக்கலாம்னு."

அதை நான் அடியோடு மறந்திருந்தேன். அவள் புத்தகத்தை மூடி என்னிடமே நீட்டினாள்.

"தம்பிக்கு என்னையத் தெரியுமா, சார்? தூக்கி வளத்தது யாருன்னு சொல்லுங்க. மன்னிப்பெல்லாம் பெறகு பாப்போம்."

திரும்பியதும் மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பை விஷயம் உட்பட. அவன் அவளுடைய போன் நம்பரை மட்டும் கேட்டான்.

இப்போது ஞாயிறுதோறும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவளிடம் பேசுகிறான். என்னைக் கூப்பிடுவதில்லை. தூங்கும் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு, சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். "சொல்லுங்கக்கா" என்கிறான், சிரிக்கிறான். அவள் சொல்வது மட்டும் எனக்குக் கேட்பதில்லை.