சீருடைப் பையில் ஒரு சீட்டு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பை பார்க்கிற வேலை. டாக்டர் கோட்டு, நர்ஸ் கோட்டு என்று மூட்டை மூட்டையாக வரும். இயந்திரத்தில் போடும் முன் ஒவ்வொரு பையிலும் கையை விட்டுத் துழாவ வேண்டும். ஒரு பேனா தப்பினால் போதும், நாற்பது கோட்டும் நீலமாகிவிடும். நான்கு வருடத்தில் ஒரு பேனாகூட அவளைத் தாண்டிப் போனதில்லை. கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு சி.ஐ.டி. என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டிலும் அதே கதைதான். கணவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சட்டைப் பையைக் காட்டிவிடுவான், பாவம்.

பிழைக்க வந்த அந்த ஊரில் மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது ஒரு படிவம் கொடுத்தார்கள். மூன்றாவது கேள்வியில் அவளுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. வீட்டில் பேசும் மொழி எது? பெயரைக் கேட்கட்டும், வயசைக் கேட்கட்டும். நாலு சுவருக்குள் நாங்கள் எதில் பேசினால் இவர்களுக்கு என்ன வந்தது?

வேறொரு நகரத்தில் இருந்த அவள் அக்கா, இதே கேள்விக்கு உள்ளதை உள்ளபடி எழுதித் தொலைத்தவள். அவள் மகனைத் தனி அறையில் உட்காரவைத்து இரண்டு வருடம் படத்துக்கு வண்ணம் அடிக்கவிட்டார்கள். அந்த வயிற்றெரிச்சல் இவளுக்கு இன்னும் ஆறவில்லை. துணிந்து அந்த ஊர் மொழியின் பெயரை எழுதிக் கொடுத்தாள். வெளியே வந்ததும் மகளின் தோளைப் பிடித்துக் குனிந்தாள்.

"இங்க நம்ம பேச்சு உன் வாயில வரவே கூடாது. வந்துச்சு, தனி ரூம்ல போட்டுடுவாங்க. புரிஞ்சுதா?"

ஆறு வயசுப் பெண் தலையாட்டினாள். அவளுக்குத் தெரிந்ததே அந்த ஒரு பேச்சுதான் என்பது சி.ஐ.டி.யின் மூளைக்கு ஏனோ எட்டவில்லை.

ஐந்து மாதம் கழித்துப் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. பிள்ளை இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. காதைச் சோதித்தாயிற்று, குறையில்லை. மாதக் கடைசியில் வாய் பேசாத குழந்தைகளுக்கான பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்றிருந்தது. வீட்டில் வாய் ஓயாத பெண்ணையா ஊமை என்கிறார்கள்?

"பேசாம உண்மையச் சொல்லிடலாம்," என்றான் கணவன்.

"சொன்னா? பொய் எழுதினதுக்குத் தனியா தண்டனை ஒண்ணு வச்சிருப்பாங்க. நீ சும்மா இரு. இதுல அந்தக் கடைசி ரூம் டீச்சர் கை இருக்கு."

கடைசி அறை டீச்சர், படிவத்தில் உண்மையை எழுதியவர்களின் பிள்ளைகளுக்கு நம் மொழியில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பவள். ஒருநாள் பள்ளி வாசலில், "நீங்க நம்ம ஆளுங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். இவள் ஊர் மொழியில் "புரியவில்லை" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். வேவு பார்க்கிறவர்கள்தான் அப்படிச் சிரிப்பார்கள் என்பது அவள் கட்சி.

அந்த வெள்ளிக்கிழமை மகளின் சீருடையைத் துவைக்க எடுத்தாள். கை தானாகப் பைக்குள் போனது. நான்காக மடித்த தாள் ஒன்று. பிரித்தால் நம் எழுத்து, கோணல்மாணலாக:

"டீச்சர், அம்மா பேச கூடாதுனு சொன்னாங்க. எழுதலாமா?"

கீழே சிவப்பு மையில், "தாராளமா எழுதலாம் கண்ணு."

கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. முதல் வரியை மறுபடி படித்தாள். பிள்ளையின் வாயை அடைத்தது அவளேதான்.

திங்கட்கிழமை மகளை இழுத்துக்கொண்டு கடைசி அறைக்குப் போனாள். தாளை மேசைமேல் வைத்தாள்.

"யாரக் கேட்டு என் பொண்ண இங்க சேத்தீங்க?" எதிராளி வாயைத் திறக்கும் முன் தானே அதட்டிவிடுவது அவள் வழக்கம்.

"யாரும் சேக்கலம்மா," என்றாள் டீச்சர். "மத்தவங்க விளையாடப் போற நேரத்துல இவளா வந்து பின்னாடி உக்காருவா. இங்கயும் வாயத் திறந்ததில்ல. பாத்துப் பாத்து எழுதக் கத்துக்கிட்டா. பேசுற பிள்ளைன்னு எனக்குத் தெரியும். ஆனா அந்த மூணாவது கேள்விக்குப் பதில நீங்க மாத்தி எழுதாம நான் சொன்னா இங்க யாரும் நம்ப மாட்டாங்க."

படிவத்தை நீட்டினாள். இவள் அதைத் திருப்பிப் பார்த்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"தனி ரூம்ல போட்டு வண்ணம் அடிக்க விடுவீங்களா?"

"காலைல இந்த ஊர் பாஷை, அவ வகுப்பிலேயே. மத்தியானம் இங்க. தினம் வந்து ஜன்னல் வழியா பாத்துக்கோங்க."

"வருவேன்," என்றாள் இவள். மிரட்டலாகத்தான் சொன்னாள். பழைய பதிலை அடித்துவிட்டு நம் மொழியின் பெயரை எழுதினாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"பேசுடி."

"இங்கயுமா?"

"எங்க வேணும்னாலும்."

பெண் டீச்சரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் டீச்சரிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்:

"எங்கம்மா எல்லாப் பையும் பாப்பாங்க டீச்சர். அதான் நான் அந்தச் சீட்ட எடுக்காம பையிலயே வச்சிருந்தேன்."