கம்பிவேலியில் அப்பா நீட்டிய பிஸ்கட்

இன்று வவுனியாவில் அப்பா இருக்கும் முதியோர் இல்லத்துக்குப் போனேன். பன்றிக் காய்ச்சல் பயத்தில் யாரையும் உள்ளே விடுவதில்லை. கம்பிவேலிக்கு வெளியே நின்றுதான் கதைக்கலாம்.

அப்பாவுக்கு மறதி நோய். முகக்கவசத்தோடு என்னை அடையாளம் தெரியாதென்று நினைத்தேன். கண்ணை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

"மகள், உன்னை முகாமில இருந்து இன்னும் விடேல்லையோ?"

போர் முடிந்ததும் எங்களை அடைத்து வைத்திருந்த முகாமைவிட்டு நாங்கள் இருவரும் வந்தாயிற்று. அங்கேயும் சொந்தக்காரர்கள் இப்படித்தான் கம்பிக்கு வெளியே வந்து நின்று எங்களைப் பார்த்தார்கள்.

தேநீரோடு தனக்குக் கொடுத்த பிஸ்கட்டைக் கம்பி இடுக்கால் நீட்டினார்.

"உள்ளுக்க என்ன தாறாங்களோ தெரியாது. சாப்பிடு. நாளைக்கும் உன்னைப் பாக்க வாறன்."

வாங்கிச் சாப்பிட்டேன். நான் வெளியேதான் நிற்கிறேன் என்று சொல்லவில்லை. சொன்னால், "அப்ப உள்ளுக்க இருக்கிறது ஆர்?" என்று கேட்பார்.

நீங்களென்றால் என்ன சொல்லியிருப்பீர்கள்?