துரைசானி கொடுத்த யாரோ

லக்ஷ்மீபுரம் கணபதிராமன் மைசூர் ரயில்வே ஆபீஸில் தலைமை குமாஸ்தா. ஆபீஸின் வெள்ளைக்காரத் துரை ஒரு விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் தலையாட்டிவிடுவார். உத்தியோக உயர்வெல்லாம் அந்தத் தலையாட்டலில் வந்ததுதான்.

1926-ல் துரையின் மனைவி ஊட்டியிலிருந்து வரும்போது கணபதிராமனுக்கென்று ஒரு செடிக் கொத்து கொண்டுவந்தாள். இங்கிலீஷில் அதன் பெயர் யாரோ. சாம்பல் பூத்த பொடி இலை, மஞ்சள் பூ. தரையோடு தரையாகப் பாய் விரித்த மாதிரி படரும். புல்லுக்குப் பதில் வளர்க்கலாம், மேலே நடக்கலாம், தண்ணீர் மட்டும் அதிகம் விடக்கூடாது என்று இங்கிலீஷில் விளக்கினாள். கணபதிராமன் தலையாட்டிக்கொண்டே இருந்ததில் கடைசி வாக்கியம் காதில் ஏறவில்லை.

வீட்டில் மனைவி அன்னபூர்ணி கேட்டாள்.

"ஏன்னா, கையிலே என்ன?"

"யாரோ."

"யாரோ குடுத்தாளா?"

"இல்லேடி, இதுக்குப் பேரே யாரோ. துரைசானி குடுத்தா."

"அவாத்து யாரோ நம்மாத்துக்கு எதுக்கு?"

வாசலில் இருந்த புல்லைக் கொத்தி எறிந்துவிட்டு யாரோவை நட்டார். இரண்டு வேளையும் தன் கையாலேயே பூவாளியால் நனைத்தார். மிதிப்பதற்கென்றே வளர்க்கும் செடியை யாரும் மிதித்துவிடக்கூடாதென்று வீடு முழுவதையும் கொல்லை வழியாக நடக்கவைத்தார். ஆடி மழையும் சேர்ந்துகொண்டது. யாரோ அழுகி நாறியது. தோட்டக்காரன் கெம்பையன் போட்ட எருதான் காரணமென்று அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, அழுகலை வாரிக் கொல்லையில் கிடந்த செங்கல் ஜல்லிமேல் வீசினார்.

அங்கே அது பிழைத்துக்கொண்டது. யாரும் தண்ணீர் விடவில்லை; வெயில் காய்ந்தது; போகிறவர் வருகிறவரெல்லாம் மிதித்தார்கள். பங்குனியில் ஜல்லி தெரியாமல் மெத்தையாகப் படர்ந்துவிட்டது. அன்னபூர்ணி அதன்மேல் பழைய வேஷ்டியை விரித்து வடாம் பிழிந்தாள்.

ஒருநாள் சொல்லாமல் துரைசானி வந்து நின்றாள். மொட்டை வாசலைக் காட்டி, "செடி ஓய்வெடுக்கிறது, மேடம்" என்றார் கணபதிராமன். அவளோ சந்து வழியே கொல்லையை எட்டிப் பார்த்துவிட்டாள். ஓடிப்போய் அந்த மெத்தைமேலேயே உட்கார்ந்து, காயாத வடாம் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, இத்தனை அழகாக எப்படி வளர்த்தீர்கள் என்று வியந்தாள். கணபதிராமன், பக்கத்திலிருந்த அன்னபூர்ணியை மறைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

"டெய்லி கேர், மேடம்!"

அன்னபூர்ணிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் புரிந்தது.

இவ்வளவு பெருமையைக் கொல்லையில் வைப்பதா? மறுநாளே பெயர்த்து வாசலுக்குக் கொண்டுபோய், முன்னைவிடத் தாராளமாகத் தண்ணீர் ஊற்றினார். மழைக்காலம் முடிவதற்குள் ஓர் இலை மிஞ்சவில்லை.

"துரைசானி கண் பட்டுடுத்து" என்றார்.

"கண்ணுமில்லே, மண்ணுமில்லே. தண்ணி" என்றாள் அன்னபூர்ணி.

அவர் ஆள் கூப்பிட்டுப் பூசணிக்காய் சுற்றி உடைத்தார்.

அடுத்த வருஷம் ரிடையரானார். பிரிவுபசாரக் கூட்டத்தில் பேசியவர்களெல்லாம் அவருடைய தோட்டக் கலையைப் புகழ்ந்தார்கள். அன்னபூர்ணி அந்தக் கூட்டத்தில் இல்லை. அவளை யாரும் கூப்பிடவில்லை.